பூட்டுக்காரிக்குச் சாட்சி

என் மருமகள் பல் செய்கிறவள். முளைக்கிற பல் இல்லை, வைக்கிற பல். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு அவள் மெழுகில் செதுக்கியது. அவள் வேலை செய்கிற கூடம் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஒருமுறை சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போனாள் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நீள மேசை, ஆளுக்கொரு சின்னச் சுடர், வெள்ளை அச்சுகள். யார் யாருடைய வாயோ மேசை முழுக்கத் திறந்து கிடந்தது. இவள் கண்ணிமையெல்லாம் மாவுப் பொடி.

"என்னடி, காலைல குமரியா வந்த, அதுக்குள்ள கிழவி ஆயிட்ட?" என்றேன்.

"வாங்க அத்தை, உக்காருங்க. உங்களுக்கும் மேல ரெண்டு பல் போட்டு அனுப்பிடறோம்" என்றாள். பக்கத்து மேசைக்காரிகள் எல்லாம் சிரித்தார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு இப்படிப் பேச வரும்.

அங்கே அவள் பல வருடமாக உதவியாள். செய்கிற வேலை முழு ஆளின் வேலை, கழுத்தில் தொங்குகிற அட்டையில் மட்டும் உதவியாள். என்ன செய்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள். "பார்க்கலாம்மா" என்றாராம். மறுவருடம் கேட்டால், "அதான் பார்க்கலாம்னு சொன்னேனே" என்றாராம். அவர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. இல்லை என்று சொன்னால்கூட மனசு ஆறும். எதற்காக இல்லை என்பதற்கு ஒரு சட்டமே இல்லாத இடத்தில் என்னத்தைச் சொல்லி அழுவது?

அதனால்தான் அந்த விளையாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். அதில் எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. பாதிச் சட்டம் அவள் போட்டது.

விளையாட்டை அவளுக்குக் காட்டியவன் என் மகன்தான். அவன் கப்பல் கட்டும் துறையில் இரும்பைப் பற்றவைக்கிறவன். கல்யாணமாகி ஒரு வருடம் வீட்டோடு இருந்தான், பிறகு தூரதேசம் போய்விட்டான். அவன் வேலைக்குப் போகும் நேரம் இவள் தூங்குவாள், இவள் பஸ்ஸில் நிற்கும் நேரம் அவன் தூங்குவான். போனில் பேசினால் இரண்டு பக்கமும் கொட்டாவிதான். அப்போதுதான் அவன், "இதுல சேர்ந்துக்கோ, இதுக்கு நேரம் காலம் கிடையாது" என்று அவள் போனுக்கு அந்த விளையாட்டை அனுப்பிவைத்தான்.

சீட்டு, காசு வைத்து ஆடுவது, அந்த மாதிரி எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கதையை எழுதுவது. ஒரு பழைய கோட்டை நகரம், சுற்றிலும் வெள்ளம், உள்ளே மந்திரம் மாயம். ஆளுக்கொரு வேஷம். ஒருவர் தன் வேஷம் என்ன செய்தது, என்ன பேசியது என்று எழுதிப் போடுவார். அடுத்தவர் கைக்கு நேரம் கிடைக்கிறபோது வாசித்துவிட்டு, அதற்குமேல் தன் பங்கை எழுதுவார். கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. நடுவில் ஒரு நடுவர். அவர் முகம் யாருக்கும் தெரியாது. மருமகள் பூட்டுக்காரி, எந்தப் பூட்டையும் திறக்கிறவள். என் மகன் விளக்குக்காரன், அவள் வேலை செய்யும்போது பக்கத்தில் விளக்குப் பிடிக்கிறவன்.

எனக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். அந்த நகரத்தில் எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று எனக்கு இந்தத் தெருவைவிட நன்றாகத் தெரியும்.

கீழ்வீட்டுத் தையல்காரி ஒருநாள் படியில் என்னை நிறுத்தினாள். "உங்க மருமக பஸ்ஸுல போனைப் பார்த்துத் தானா சிரிக்கிறாக்கா. கொஞ்சம் கவனிச்சுக்கங்க."

"அவ புருஷனோட பேசிச் சிரிக்கிறா. நீ உன் புருஷனைப் பார்த்துச் சிரிச்சு எத்தனை காலமாச்சு?" என்றேன். அதோடு அவள் என் ரவிக்கையை இரண்டு மாதம் தைக்காமல் இழுத்தடித்தாள். போகட்டும்.

அந்த விளையாட்டில் படி ஏறுவது எப்படி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஒவ்வொரு வித்தைக்கும் ஐந்து படி. தொட்ட கை, பழகிய கை, வந்த கை, தேர்ந்த கை, கடைசியாக முதிர்ந்த கை. முதலில் இந்தக் கடைசிப் பேரைக் கேட்டபோது என் கையை நீட்டி, "இதோ பாரு, சுருக்கத்தோட இருக்கு, முதல்ல எனக்குக் குடு" என்றேன். ஜெயித்தால் படி ஏற முடியாது. ஜெயித்தால் கைதட்டு, அவ்வளவுதான். உன்னால் முடியாத பெரிய காரியத்தில் கை வைத்து, தோற்று, அந்தத் தோல்வியில் எதையாவது நிரந்தரமாக இழக்க வேண்டும். அதை ஒரு காட்சியாக எழுத வேண்டும். இழந்தது இழந்ததுதான், பிறகு எழுதுகிற எல்லாவற்றிலும் அந்தக் குறை கூடவே வரும். ஒரு சமையல்காரன் ராஜா வீட்டு விருந்தைக் கருக்கிவிட்டு, மறுநாளே நாக்கு ருசி போய்விட்டது என்று எழுதிப் படி ஏறினான். "அப்படிப் பார்த்தா உன் மாமனார்தான் முதிர்ந்த கை, அவர் கருக்காத பாத்திரமே இல்ல" என்று நான் சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் தோற்றேன் என்று நீயே சொல்லிக்கொண்டால் போதாது. சாட்சி வேண்டும். அந்தக் காட்சியில் உன்னோடு நின்ற வேஷக்காரர் ஒருவர், "நான் உடனிருந்தேன், பார்த்தேன்" என்று எழுதி, நீ எதை இழந்தாய் என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். சாட்சி பொய் என்றால் ஏறிய படி ரத்து, சாட்சி சொன்னவருக்கும் ஒரு படி இறக்கம். அந்தக் காட்சியைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

இந்தச் சாட்சிச் சட்டம் மருமகள் போட்டது. மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "இது விளையாட்டா, கோர்ட்டா?" என்று ஒருவர் எழுதினார். நடுவர்கூட, "கொஞ்சம் தளர்த்தலாமே" என்றார். இவள் விடவில்லை. "ஒருத்தர் பட்டதை இன்னொருத்தர் பார்த்தேன்னு சொல்லணும். அது இல்லாம படி எதுக்கு?" என்று எழுதினாள். எழுதிவிட்டு எனக்கும் வாசித்துக் காட்டினாள். சரியாகத்தான் சொல்கிறாய் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஆரம்பத்தில் என் மகன் பக்கம் பக்கமாக எழுதுவான். விளக்கில் எண்ணெய் எப்படிக் குறைகிறது, பூட்டுக்காரியின் நிழல் சுவரில் எப்படி விழுகிறது என்றெல்லாம் எழுதுவான். நான் பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு உண்டா என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன். நாள் போகப் போக அது சுருங்கியது. பத்து வரியானது, ஐந்து வரியானது. பிறகு, "விளக்குக்காரன் விளக்கை உயர்த்திப் பிடித்தான்" என்று ஒரே வரி. அதையும் இவள் எனக்கு நிறுத்தி நிதானமாக வாசிப்பாள், அது பெரிய பத்தி என்பதுபோல.

இதற்கு நடுவில்தான் அவள் உண்டானாள். அவன் ஒரு விடுமுறைக்கு வந்து போன பிறகு. ஏழாம் மாதத்தில் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பி செருப்பைப் போட்டவள் அப்படியே நின்றாள். "அத்தை, நேத்துலேருந்து அசையல" என்றாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் வயிற்றில் பசை தடவி, அந்தக் கருவியை வைத்தாள். குழந்தையின் இதயம் குதிரை ஓடுகிற மாதிரி கேட்குமே, அது கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். கரகரவென்று வெறும் இரைச்சல். நர்ஸ் எங்கள் முகத்தைப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள். இவள் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். பிறகு வலி வரவழைத்துப் பெற்றெடுக்க வைத்தார்கள். சத்தமில்லாத பிரசவம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை.

மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அழுதான். பிறகு, "அவளைக் கொஞ்ச நாள் எதையும் யோசிக்காம இருக்கச் சொல்லும்மா" என்றான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இவளும் எடுக்கவில்லை. தொட்டில் துணியைக்கூட யாரும் எடுத்துப் பேசவில்லை, நான்தான் மடித்து அலமாரிக்குள் வைத்தேன்.

வேலைக்குத் திரும்பிப் போனாள். விளையாட்டிலும் எழுதினாள். நாலாம் படி வரைக்கும் வந்துவிட்டாள், தேர்ந்த கை. அந்த நகரத்தில் அதற்குமேல் போன ஒரு ஆள் இல்லை. ஒருவரும் இழக்கத் தயாரில்லை, வேறென்ன. எல்லாரும் அவளைத்தான் எதிர்பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அத்தை, அஞ்சாம் படிக்கு எழுதியிருக்கேன். கேக்கறீங்களா?" என்றாள். வாசித்தாள்.

வெள்ளம் ஏறுகிறது. கோட்டையின் அடியில் ஒரு தண்ணீர்க் கிடங்கு. அங்கே ஆள் நுழைய முடியாத சின்னக் கதவு. உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். சின்னக் கையின் தட்டு. பூட்டுக்காரி இதுவரை பார்த்திராத பூட்டு அது. காதை வைத்துக் கேட்டுத்தான் அவள் பூட்டுத் திறப்பாள், அதுதான் அவள் வித்தை. காதை வைக்கிறாள். விளக்குக்காரன் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்திருக்கிறான். அவள் எவ்வளவோ செய்கிறாள். தட்டுகிற சத்தம் குறைகிறது. அவள் காதை இடம் மாற்றி மாற்றி வைக்கிறாள். சத்தம் நின்றுவிடுகிறது. அது நின்ற பிறகுதான் பூட்டு திறக்கிறது. விளக்குக்காரன் கதவுக்குள் வெளிச்சம் காட்டுகிறான். பூட்டுக்காரி குனிந்து கையை நீட்டுகிறாள். அந்த நாளிலிருந்து பூட்டுக்காரிக்குக் காது கேட்கும், ஆனால் பூட்டு பேசாது.

ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், கடையில் ரசீது வாசிப்பதுபோல வாசித்தாள். எனக்குக் கையிலிருந்த துணி எதுவென்று தெரியவில்லை.

"அவன் படிச்சானா?" என்றேன்.

"இன்னிக்குத்தான் போட்டேன். அவர்தான் சாட்சி."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அதை எழுதினாள். படிக்காக இல்லை. அவன் வராத இடத்தில் அவனைக் கொண்டுவந்து நிறுத்தி, கையில் விளக்கையும் கொடுத்திருந்தாள். நான் பார்த்தேன் என்று அவன் ஒருமுறை சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லாமலே புரிந்தது.

காத்திருந்தாள். மற்ற வேஷக்காரர்கள் எல்லாரும் கொண்டாடினார்கள். சமையல்காரன் தான் அழுதேன் என்று எழுதினான். விளக்குக்காரன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. போனில் பேசும்போது அவன் மழையைப் பற்றிச் சொன்னான், கூட வேலை செய்கிறவனுக்குக் கையில் தீக்காயம் என்று சொன்னான். இவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது என்ன சாட்சி? சாட்சி சொல்லக் கொடுத்த தவணை முடியப் போகிறது என்று நடுவர் அவனுக்கு ஒரு ஞாபகக் குறிப்பு போட்டார். மறுநாள் சாட்சி வந்துவிட்டது.

அன்று அவள் வேலையிலிருந்து வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. "உங்க பையன் சாட்சி சொல்லிட்டார் அத்தை. நான் இப்ப முதிர்ந்த கை" என்றாள்.

"நல்லதுதானே? வாசி."

வாசித்தாள். "நான் உடனிருந்தேன், பார்த்தேன். இதுவரை யாரும் திறக்காத பூட்டைப் பூட்டுக்காரி கடைசி நேரத்தில் திறந்துவிட்டாள். உள்ளே இருந்தவர்கள் பிழைத்து வெளியே வந்தபோது என் விளக்கு வெளிச்சத்தில் எல்லார் முகத்திலும் சந்தோஷம். இதில் அவள் தன் தூக்கத்தை இழந்தாள். முழுத் தகுதி உண்டு. வாழ்த்துகள்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்து போகவில்லை.

"படிக்கவே இல்ல" என்றேன்.

"முதல் நாலு வரி படிச்சிருப்பார். பூட்டுன்னு இருக்கு, பூட்டுக்காரின்னு இருக்கு. மிச்சத்தை அவரே போட்டுக்கிட்டார்."

"வேலை அசதிடி அவனுக்கு" என்று என் வாய் சொன்னது. பெற்ற வாய் அப்படித்தான் சொல்லும்.

அன்று சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிவிட்டு, அவள் போனை எடுத்து நடுவருக்கு எழுதினாள். என் சாட்சி பொய், என் படியை ரத்து செய்யுங்கள் என்று. தனக்குத் தானே எதிர்வழக்கு. நடுவர் உடனே பதில் போட்டார். யாரும் கவனிக்கவில்லையே, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், காட்சி அருமை, சாட்சியில் கொஞ்சம் பிசகு, போகட்டும் விடுங்கள் என்று. வேண்டுமானால் தான் தனியாக அனுமதி தருகிறேன் என்றும் எழுதியிருந்தார். பார்த்தீர்களா, வேலை செய்கிற இடத்தில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது இங்கே மடியில் வந்து விழுகிறது. அவள் வேண்டாம் என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் சாட்சி சொல்றேன். நான் இருந்தேனே. நான் சொல்றேன், நீ எழுது."

"உங்களுக்கு அதுல வேஷம் இல்லையே அத்தை."

"இப்ப ஒண்ணு போடு. கிழவின்னு போடு. எத்தனையோ மந்திரக்காரன் இருக்கான், ஒரு கிழவிக்கு இடமில்லையா?"

"அந்தக் காட்சியில இருந்திருக்கணும்."

"நான் நின்ன இடத்துலதானே நீ அவனைக் கொண்டுவந்து நிறுத்தின?"

அவள் போனைக் கீழே வைத்தாள். "ஆமா" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது என்றால், அந்த ஒரு நொடிதான்.

படி ரத்தானது. சட்டப்படி விளக்குக்காரனுக்கும் ஒரு படி இறக்கம். எல்லாரும் பார்க்கிற இடத்தில் அது போடப்பட்டது. அடுத்த நாளே மகனிடமிருந்து போன். அவளுக்கு இல்லை, எனக்கு.

"அம்மா, அவளுக்கு என்ன ஆச்சு? பொய்ச்சாட்சின்னு போட்டிருக்காங்க. ஊர் பேர் தெரியாதவன் எல்லாம் என்னைக் கிண்டல் பண்றான்."

"நீ படிச்சியாடா?"

"எதை?"

"அவ எழுதினதை."

"படிச்சேம்மா. வேலைக்கு நடுவுல படிச்சேன். நீயும் அவளோட சேர்ந்துட்டியா?"

அவள் அப்போதுதான் உள்ளே வந்தாள். நான் போனைச் சத்தமாக வைத்து மேசைமேல் வைத்தேன். யாராவது பேசியே ஆக வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. என் வயசுக்கு அது தெரியும்.

"உள்ள தட்டினது யாரு?" என்று அவள் கேட்டாள்.

"என்னது?"

"கதவுக்கு உள்ளேருந்து தட்டினது யாருன்னு கேட்டேன்."

அந்தப் பக்கம் இரும்பு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இரு, வரேன்" என்று அவர்களிடம் கத்தினான். பிறகு எங்களிடம், "இங்க பாரு, ஒரு விளையாட்டுக்காகப் புருஷனைப் பொய்யன்னு எழுதிவைக்கிறது நல்லா இல்ல. சரி, விடு. தப்பு என்மேலதான். இன்னிக்கே முழுசா படிச்சுட்டு ஒழுங்கா சாட்சி எழுதறேன். போதுமா?" என்றான்.

"ஒரு காட்சியை ஒரு தடவைதான் கொண்டுவர முடியும். சட்டம் இருக்கு."

"அட, நீ போட்ட சட்டம்தானே!"

"ஆமா, நான் போட்டதுதான்."

"அப்ப வேற ஒரு தோல்வியை எழுது. உனக்கு என்ன, எழுதவா வராது? இன்னொண்ணு எழுது, வரிக்கு வரி படிச்சு சாட்சி சொல்றேன்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசைமேல் இருந்த போனையே பார்த்தாள், அதற்குள் அவன் இருக்கிறதுபோல.

"இன்னொண்ணுக்கு நான் எங்க போறது?" என்றாள்.

அவன், "என்ன சொன்ன? இங்க ஒரே சத்தம், கேக்கல" என்றான். நான் போனை எடுத்து அணைத்துவிட்டேன்.

அவன் அதை அன்றைக்காவது திறந்து படித்தானா என்று எனக்குத் தெரியாது. படித்திருந்தால் அவளைக் கூப்பிட்டிருப்பான் என்று ஒரு மனசு சொல்கிறது. படித்ததனால்தான் கூப்பிடவில்லை என்று இன்னொரு மனசு சொல்கிறது. நான் பெற்றவன், இரண்டும் அவனுக்கு வரும். விளையாட்டிலிருந்து அவன் விலகிவிட்டான். விளக்குக்காரன் ஏதோ வேலையாக வெளியூர் போய்விட்டான் என்று நடுவர் எழுதி முடித்துவைத்தார். பூட்டுக்காரி அவன் இல்லாமலே கதவு கதவாகப் போய்க்கொண்டிருக்கிறாள். நாலாம் படியில்தான் நிற்கிறாள். அஞ்சாம் படிக்கு அவள் மறுபடி எழுதவில்லை. யாராவது கேட்டால், அதற்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை என்று பதில் போடுகிறாள். காலையில் பஸ் பிடிக்கிறாள், மெழுகில் பல் செதுக்குகிறாள், இமையில் பொடியோடு வீட்டுக்கு வருகிறாள்.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுகிறான். உடம்பு எப்படி, மருந்து வாங்கினாயா, அங்கே வெயில் எப்படி என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "அவ இருக்காளா?" என்பான்.

"வெளில போயிருக்கா" என்பேன்.

அவள் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பாள். தலை நிமிராமல் அடுத்த விரலுக்குப் போவாள்.